ஐந்தாவது வந்த பையன்!

முதலாவது வந்தவனைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு எப்போதுமே ஐந்தாவது வந்தவன் மேல்தான் ஒரு கண். எங்கள் செக்‌ஷனையே எடுத்துக் கொள்ளுங்கள். பன்னிரண்டு பேர். முதல் ஆள் யார் என்று மானேஜருக்குத் தெரியும். கடைசி ஆள் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஐந்தாவது ஆள் யார் என்று அவன் பெண்டாட்டிக்குக்கூடத் தெரியாது!

நீச்சல் வீரர் மைக்கேல் ஃபெல்ப்ஸ் என்றதும் உங்களுக்கு ஞாபகம் வருவது 2008 பீஜிங்தான். ஒரே ஒலிம்பிக்ஸில் எட்டுத் தங்கம். கடைசியில் கணக்கை முடித்தபோது 23 தங்கம் உட்பட 28 பதக்கம். அதெல்லாம் பிற்பாடு ஸார். நான் சொல்ல வந்தது, 2000-ல் சிட்னியில் ஐந்தாவதாக வந்து, வெறுங்கழுத்தோடு நின்ற பதினைந்து வயசுப் பையனைப் பற்றி.

அமெரிக்காவில் பால்டிமோர் பக்கம். 1985 ஜூன் 30-ல் பிறந்தவன். அம்மா டீச்சர், அப்பா போலீஸ். இரண்டு அக்காக்களும் நீச்சல் வீராங்கனைகள். அவர்கள் பின்னாலேயே இவனும் குளத்துக்குப் போனான். ஆனால், தண்ணீரில் முகத்தை வைக்கவே பிடிக்காதாம்! அதனால் முதலில் கற்றுக் கொண்டதே மல்லாந்து நீந்துவது.

வகுப்பில் ஒரு நிமிஷம் உட்கார மாட்டான். நம்ம ஊராக இருந்தால் ‘சரியான வாலு’ என்று ஒரே வார்த்தையில் முடித்திருப்போம். அங்கே ஒன்பது வயசில் டாக்டர் பரிசோதித்து ‘ஏ.டி.எச்.டி.’ என்றார். கவனம் ஓரிடத்தில் நிற்காத பிரச்னை. ‘இவனால் எதிலுமே கவனம் செலுத்த முடியாது’ என்று ஒரு டீச்சர் அம்மாவிடமே சொல்லி விட்டார். அதே வயசில் அப்பாவும் அம்மாவும் பிரிந்தார்கள்.

வகுப்பில் நிற்காத கவனம் தண்ணீருக்குள் மட்டும் எப்படியோ நின்றது. பத்து வயசில், அவன் வயசுப் பையன்களில் தேசிய சாதனை. பதினொரு வயசில் பாப் போமன் என்ற கோச்சிடம் போய்ச் சேர்ந்தான். போமன் லேசுப்பட்ட ஆசாமி இல்லை. வாரத்துக்கு ஏழு நாளும் பயிற்சி. ஞாயிறு உண்டு, கிறிஸ்துமஸ்கூட உண்டு. அவர் கணக்கு சுலபம்: ஞாயிற்றுக்கிழமை லீவு விடுகிறவனைவிட இவனுக்கு வருஷத்தில் 52 நாள் கூடுதல். நாமும் அந்த 52 நாளை வீணாக்குவதில்லை... மட்டன் குழம்பும் மத்தியானத் தூக்கமுமாகப் போகிறது!

இந்தக் கதைக்குள் இன்னொரு கதை உண்டு. அக்கா விட்னி, 200 மீட்டர் பட்டர்ஃப்ளையில் நாட்டின் முன்னணி வீராங்கனை. 1996-ல் இண்டியானாபோலிஸில் ஒலிம்பிக் தேர்வுப் போட்டி. முதல் இரண்டு இடத்துக்குத்தான் டிக்கெட். தீராத முதுகு வலியோடு நீந்திய விட்னி ஆறாவதாக வந்தாள். ஒலிம்பிக் கனவு அதோடு போயிற்று. தம்பிக்கு அப்போது பத்து வயசு.

நாலு வருஷம் கழித்து, 2000 ஆகஸ்டில், அதே ஊர், அதே குளம், அதே 200 மீட்டர் பட்டர்ஃப்ளை. தம்பி இரண்டாவதாக வந்து டிக்கெட் வாங்கி விட்டான். அமெரிக்க ஒலிம்பிக் நீச்சல் அணியில் இத்தனை சின்னப் பையன் இடம் பிடித்து 68 வருஷம் ஆகியிருந்தது.

பட்டர்ஃப்ளை பார்க்கத்தான் அழகு. இரண்டு கையையும் ஒரே சமயத்தில் தண்ணீருக்கு மேலே வீசி, இரண்டு காலையும் சேர்த்து மீன்வால் மாதிரி அடிக்க வேண்டும். ஐம்பது மீட்டர் குளத்தில் நாலு நீளம். கடைசி நீளத்தில் தோள் கழன்று விழும்போல இருக்கும்.

சிட்னி ஃபைனலில் பையன் எடுத்துக்கொண்டது 1 நிமிடம் 56.50 விநாடி. வெண்கலம் வாங்கியவர் 1:56.17. வித்தியாசம் 0.33 விநாடி. ஒரு தடவை கண்ணைச் சிமிட்டுங்கள்... அவ்வளவுதான்! ஒரு மார்க்கில் குரூப் டூ போனவர்களுக்கு இந்த வலி தெரியும்.

அவனுக்கு இருந்தது அந்த ஒரே போட்டிதான். மிச்ச நாளெல்லாம் ஊர் சுற்றிப் பார்த்திருக்கலாம். போமன் என்ன செய்தார் தெரியுமோ? மறுநாளே குளத்துக்குக் கூப்பிட்டார். அன்றைய பயிற்சித் தாளின் தலையில் இரண்டே வார்த்தை எழுதியிருந்தார்: ‘ஆஸ்டின் டபிள்யூ.ஆர்.’ அடுத்த தேசியப் போட்டி ஆஸ்டின் நகரத்தில், டபிள்யூ.ஆர். என்றால் உலக சாதனை!

2001 மார்ச் 30. ஆஸ்டின். 1:54.92! சிட்னியில் தங்கம் வாங்கிய டாம் மால்ச்சோவின் உலக சாதனை காலி. பையனுக்குப் பதினைந்து வயசு ஒன்பது மாசம். நீச்சலில் அத்தனை சின்ன வயசில் எந்த ஆணும் அதற்கு முன் உலக சாதனை செய்ததில்லை. அதே ஜூலையில் ஜப்பானின் ஃபுகுவோகாவில் உலக சாம்பியன், 1:54.58. ஏதென்ஸும் பீஜிங்கும் அதற்கப்புறம்தான்.

போமனின் குறும்பு இன்னொன்று. பையனாக இருந்தபோது ஒரு போட்டிக்கு முன்னால் வேண்டுமென்றே அவன் நீச்சல் கண்ணாடியை மிதித்துக் கெடுத்து வைத்தார். தண்ணீர் புகுந்த கண்ணாடியோடு தட்டுத் தடுமாறி நீந்திப் பழகினான். 2008 பீஜிங்கில், இதே 200 பட்டர்ஃப்ளை ஃபைனலில் நிஜமாகவே கண்ணாடிக்குள் தண்ணீர் நிரம்பி விட்டது. கண் தெரியவில்லை. கை வீச்சை எண்ணி எண்ணியே நீந்தி முடித்தார். தங்கம், கூடவே உலக சாதனை, 1:52.03.

இதைப் படித்துவிட்டு வீட்டுப் பிள்ளையை நாளைக்கே கிணற்றில் தள்ளி விடாதீர்கள். இத்தனை பதக்கத்துக்குப் பிறகும் மன அழுத்தத்தில் தவித்ததை ஃபெல்ப்ஸே வெளிப்படையாகப் பேசியிருக்கிறார். ஏழு நாள் உழைப்புக்கு அதன் விலையும் உண்டு.

எனக்குப் பிடித்தது அந்தப் பயிற்சித் தாள்தான். தோற்ற மறுநாள் ‘பரவாயில்லைப்பா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்’ என்று முதுகில் தட்ட ஊரே வரும். எந்த ஊரில், எதைச் செய்ய வேண்டும் என்று எழுதி நீட்டுகிற ஆள் கிடைப்பது துர்லபம். உங்களுக்கு அப்படி ஒருத்தர் கிடைத்தால் விட்டு விடாதீர்கள்... ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னாலும் சரி!