கற்றாழை ஜெல்லில் 'கார்போமர்': பயப்பட வேண்டியது எதற்கு?

கடையில் வாங்கிய கற்றாழை ஜெல் டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். தண்ணீர், கற்றாழைச் சாறு, கிளிசரின் என்று தெரிந்த பெயர்களுக்குப் பிறகு 'கார்போமர்' என்று ஒரு பெயர் பெரும்பாலும் இருக்கும். அதை மொபைலில் தேடினால் 'இது பிளாஸ்டிக்', 'புற்றுநோய் வரும்' என்று வீடியோக்கள் வரிசைகட்டி நிற்கும். "அப்போ தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பவர்கள் பலர். இன்னொரு பக்கம், லேபிளே இல்லாத க்ரீமை 'கெமிக்கல் இல்லாதது' என்று நம்பி வாட்ஸ்அப்பில் ஆர்டர் போடுபவர்களும் இருக்கிறார்கள். இந்த இரண்டில் எது உண்மையான ஆபத்து?

இதை எதுக்குப் போடறாங்க?

கற்றாழை மடலை வெட்டி எடுத்த சோற்றை மிக்ஸியில் அடித்து வைத்தால், சிறிது நேரத்தில் தண்ணீராக ஓடும். கடை ஜெல் மட்டும் மாதக்கணக்கில் கெட்டியாக நிற்கிறது. காரணம், அதில் சேர்க்கும் கெட்டிப்படுத்தும் பொருள். அவற்றில் அதிகம் பயன்படுவது கார்போமர். அக்ரிலிக் அமிலத்தின் மூலக்கூறுகளைச் சங்கிலி சங்கிலியாகக் கோத்து, வலைபோலப் பின்னிச் செய்த வெள்ளைத் தூள் இது.

தண்ணீரில் கலந்தவுடன் இது அமிலத் தன்மையோடு, நீர்த்த நிலையில்தான் இருக்கும். அதில் சிறிது காரம் சேர்த்தால் சங்கிலிகள் மின்னூட்டம் பெற்று ஒன்றையொன்று தள்ளும். சுருண்டிருந்த வலை விரிந்து, தண்ணீரைப் பிடித்துக்கொண்டு பல நூறு மடங்கு உப்பும். கலவை ஜெல் ஆகிவிடும். அதனால் 100 கிராம் ஜெல்லுக்கு அரை கிராம் அளவு கார்போமரே பொதுவாகப் போதும்.

கெட்டியாக இருப்பது அழகுக்காக மட்டும் இல்லை. எண்ணெயும் தண்ணீரும் பிரியாமல் இருக்கவும், சன்ஸ்கிரீனில் உள்ள துகள்கள் அடியில் தங்காமல் இருக்கவும் இது உதவுகிறது. கொரோனா காலத்தில் கையில் ஊற்றிய சானிடைசர் ஜெல் வழிந்து ஓடாமல் நின்றதும் இதனால்தான்.

வீட்டிலேயே பார்க்கலாம்: கொஞ்சம் கார்போமர் ஜெல்லில் ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கலக்குங்கள். ஜெல் இளகித் தண்ணீராகும். உப்பு அந்த மின்னூட்டத்தை மறைப்பதால் வலை மறுபடி சுருங்கிவிடுகிறது. தோலில் தடவியதும் ஜெல் 'உருகுவது' போலத் தெரிவதற்கும் வியர்வையில் உள்ள உப்பு ஒரு காரணம். இது போலி என்பதற்கான சோதனை இல்லை. ஜெல்லின் இயல்பே இதுதான்.

தோலுக்குள்ள போயிடுமா?

கார்போமரின் மூலக்கூறு மிகப் பெரியது. அதனால் தோலைத் தாண்டி ரத்தத்தில் கலக்க வாய்ப்பில்லை; மேலே படிந்து, கழுவினால் போய்விடும். அமெரிக்காவில் அழகுசாதன மூலப்பொருள்களை ஆராயும் நிபுணர் குழு 1982-ல் வெளியிட்ட அறிக்கையில் இதைப் பாதுகாப்பானது என்று மதிப்பிட்டது. கண் வறட்சிக்கு டாக்டர்கள் தரும் சில கண் ஜெல்களிலும் இதே பொருள் இருக்கிறது.

புற்றுநோய் பற்றிய பேச்சு எங்கிருந்து வந்தது? கார்போமரின் சில பழைய வகைகளைத் தயாரிக்கும்போது பென்சீனைக் கரைப்பானாகப் பயன்படுத்தினார்கள். பென்சீன் புற்றுநோய் உண்டாக்கும் என்பது உறுதியான விஷயம். தயாரிப்பு முடிந்த பிறகும் அதன் எச்சம் தூளில் தங்கலாம். ஆகவே அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2023 டிசம்பரில், மருந்துகளில் இந்த வகைக் கார்போமரை மாற்றிக்கொள்வது எப்படி என்று நிறுவனங்களுக்கு வழிகாட்டுதல் வெளியிட்டது. பென்சீன் இல்லாமல் தயாரிக்கும் வகைகள் ஏற்கெனவே சந்தையில் உள்ளன. ஆக, சிக்கல் கார்போமரில் இல்லை, தயாரிக்கும் முறையில் இருக்கிறது. லேபிளில் இரண்டுக்கும் 'கார்போமர்' என்றே எழுதியிருப்பார்கள். நாம் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. எனவே யார் தயாரித்தார், உரிமம் இருக்கிறதா என்பது முக்கியமாகிறது.

எரிச்சல் வந்தா?

ஜெல் தடவி அரிப்போ சிவப்போ வந்தால், கார்போமரைவிட வாசனைப் பொருளோ, கெடாமல் இருக்கச் சேர்க்கும் பொருளோ காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். புதிதாக வாங்கியதை முதலில் முழங்கையின் உட்பக்கத்தில் ஒரு சிறு இடத்தில் தினமும் இருவேளை, ஒரு வாரம் தடவிப் பாருங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் முகத்துக்குப் போகலாம். ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசும்போது அழுக்குபோல உருண்டு வந்தால் பயப்பட வேண்டாம். அது ஜெல் படலம் உரிவதுதான். முதல் பூச்சு காய்ந்த பிறகு அடுத்ததைப் போடுங்கள்.

லேபிளில் எதைப் பார்க்கணும்?

அழகுசாதன விதிகள் 2020-ன்படி, இந்தியாவில் விற்கும் பொருளில் இவை இருக்க வேண்டும்:

• தயாரிப்பாளரின் பெயர், முகவரி
• உற்பத்தி உரிம எண். இறக்குமதி என்றால் பதிவுச் சான்றிதழ் எண்
• பேட்ச் எண்
• எந்த மாதம், ஆண்டுக்குள் பயன்படுத்த வேண்டும் என்ற விவரம்
• சேர்மானப் பட்டியல் (மிகச் சிறிய பொதிகளுக்கு இதில் விலக்கு உண்டு)

ஒரு சதவீதத்துக்கு மேல் உள்ளவை அதிகத்திலிருந்து குறைவு என்ற வரிசையில் வரும். அதற்குக் கீழே உள்ளவை எந்த வரிசையிலும் வரலாம். கார்போமர் பெரும்பாலும் பட்டியலின் பின்பகுதியில் இருப்பது அதனால்தான்.

லேபிளே இல்லைன்னா?

அங்கேதான் உண்மையான ஆபத்து இருக்கிறது. 'ஏழே நாளில் வெள்ளை' என்று விற்கும் பெயர் தெரியாத க்ரீம்களில் பாதரசம் இருக்கலாம். கண்ணுக்குப் போடும் பொருள்கள் தவிர மற்ற அழகுசாதனங்களில், தெரியாமல் கலந்துவிடும் பாதரசம்கூட பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டு விதி. 2023-ல் கேரளாவின் கோட்டக்கல்லில், இத்தகைய க்ரீம்களைப் பூசிவந்த சிலருக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டதை டாக்டர்கள் கண்டறிந்தார்கள். கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அதே ஆண்டில் 'ஆபரேஷன் சௌந்தர்யா' என்ற பெயரில் கடைகளில் சோதனை நடத்தியது.

அப்படி ஒரு க்ரீமைப் பயன்படுத்தி வந்தால் உடனே நிறுத்துங்கள். சிறுநீரில் அதிக நுரை, காலிலோ முகத்திலோ வீக்கம் இருந்தால் தாமதிக்காமல் டாக்டரிடம் போங்கள். க்ரீம் டப்பாவையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

புகார் செய்வது எப்படி?

1. பொருளின் நான்கு பக்கமும், பில், ஆர்டர் செய்த பக்கம் ஆகியவற்றை மொபைலில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மீதிப் பொருளைக் கொட்ட வேண்டாம்.
2. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைக்கலாம். தமிழிலேயே பேசலாம்.
3. உரிமம் இல்லாத, சந்தேகமான பொருள் என்றால் உங்கள் பகுதி மருந்துகள் ஆய்வாளரிடம் எழுத்து மூலம் தெரிவியுங்கள். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பும் அதிகாரம் அவருக்கு உண்டு.
4. இழப்பீடு கேட்க மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை இரண்டு ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை.

அடுத்த முறை ஆர்டர் போடும் முன், டப்பாவின் பின்பக்கப் படத்தை விற்பவரிடம் கேளுங்கள். அனுப்பத் தயங்கினால், வாங்காமல் விட்டுவிடுங்கள்.