உஷார்! தண்ணீர் நிறம் மாறினால் மட்டி வேண்டாம்

பழவேற்காடு, எண்ணூர், கும்மிடிப்பூண்டிப் பக்கம் மட்டி அள்ளுகிறவர்களும் வாங்கிச் சமைக்கிறவர்களும் கவனியுங்கள். ஏரியோ கழிமுகமோ திடீரென்று பச்சையாகவோ செம்பழுப்பாகவோ மாறினால் மட்டியைத் தொடவே தொடாதீர்கள். நன்றாகக் கொதிக்கவைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. மட்டியில் சேரும் நுண்பாசி விஷம் கொதியில் அழியாது.

1981-இல் கல்பாக்கத்தை அடுத்த வாயலூரில் மட்டி சாப்பிட்டவர்களில் 3 பேர் இறந்தார்கள். 85 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். மட்டி தண்ணீரை வடிகட்டித் தின்னும் உயிர். நுண்பாசியின் நஞ்சு அப்படித்தான் அதன் சதையில் சேர்கிறது.

நுண்பாசி பெருகுவதற்கு நைட்ரஜன் வேண்டும். நைட்ரேட்டாகக் கிடைத்தால், அதை நைட்ரைட்டாக்கி, பிறகு அம்மோனியமாக்கி, அதற்கப்புறம்தான் அமினோ அமிலம் செய்ய முடியும். சக்தி நிறையச் செலவாகும். அம்மோனியமாகவே வந்து சேர்ந்தால் அந்த வேலை மிச்சம். அதனால் பல நுண்பாசிகள் முதலில் அதைத்தான் இழுக்கின்றன. சாக்கடையும் வயல் உரமும் இறால் பண்ணைக் கழிவும் ஆலைக் கழிவும் கொண்டுவருவது இதைத்தான். மட்டியில் ஏறும் சாக்ஸிடாக்சின் விஷத்தின் ஒவ்வொரு மூலக்கூறிலும் 7 நைட்ரஜன் அணுக்கள் உண்டு. நாம் கொட்டும் நைட்ரஜன் பாசியை வளர்ப்பதோடு நிற்பதில்லை, விஷத்துக்கும் சரக்காகிறது.

2023 டிசம்பர் 26 இரவு எண்ணூரில் உர ஆலைக்கான கடலடி அம்மோனியாக் குழாய் கசிந்தது. அங்கே கடல்நீரில் லிட்டருக்கு 49 மில்லிகிராம் அம்மோனியா பதிவானது. அனுமதி 5 மட்டுமே. அந்த அடர்த்தியில் அது மீனைக் கொல்லும். அலையில் கலந்து நீர்த்த பிறகு அம்மோனியமாகப் பாசிக்குத் தீனியாகும். பழவேற்காட்டில் இன்னொரு கவலை: முகத்துவாரத்தை மணல் மூடும் மாதங்களில் ஆரணியாறு கொண்டுவந்து சேர்த்தது வெளியேற வழியில்லாமல் ஏரியிலேயே தங்கிவிடுகிறது.

நிறம் மாறிய தண்ணீரெல்லாம் விஷமல்ல. தெளிந்த தண்ணீரும் உத்தரவாதமல்ல. மட்டி சாப்பிட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ உதடும் நாக்கும் மரத்துப்போனால் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். மட்டி சாப்பிட்டதை மறக்காமல் சொல்லுங்கள். மாற்று மருந்து கிடையாது. மூச்சுத் தசைகள் செயலிழந்தாலும் உடனே செயற்கை சுவாசம் கிடைத்தால் பிழைக்கலாம்.

மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏரியின் அம்மோனியத்தையும் மட்டியின் நஞ்சையும் தவறாமல் சோதித்து, முடிவை மீனவக் குப்பங்களில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். அதுவரை சந்தேகம் வந்தால் மட்டி வாங்காதீர்கள், விற்காதீர்கள்.