தலைவர் விலகினால் பங்கை என்ன செய்வது?

விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும், மணிலா விற்ற பணத்தில் மிச்சம் பிடித்துப் பங்கு வாங்குவோர் உண்டு. கம்பெனித் தலைவர் திடீரென்று விலகினால் அவர்கள் என்ன செய்வது?

கரூரில் 1926-ல் தோன்றியது லட்சுமி விலாஸ் வங்கி. இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து நஷ்டம் கண்ட பிறகு, 2019 ஆகஸ்டில் நிர்வாக இயக்குநர் பார்த்தசாரதி முகர்ஜி விலகினார். அடுத்த மாதமே ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்தது.

2020 நவம்பர் 27-ல் அந்த வங்கி டி.பி.எஸ். வங்கியுடன் இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களின் பணம் தப்பியது. பங்குதாரர்களுக்கோ ஒரு காசும் இல்லை!

காரணம் என்ன? பங்கு வாங்கியவர் கம்பெனியின் சொந்தக்காரர். நஷ்டம் முதலில் அவர் தலையில்தான் விழும்.

ஆகவே, போனவர் யார், வருபவர் யார் என்பதோடு நிற்காதீர்கள். ஆண்டறிக்கையைப் பிரித்து நஷ்டத்தையும் கடனையும் பாருங்கள். விலை மலிவு என்று மட்டும் மேலும் வாங்காதீர்கள்!