பழைய டீசல் கார்: மவுண்ட், ஷாக் மாத்தணுமா, காரையே மாத்தணுமா?

வேலை சென்னையிலயோ பெங்களூருலயோ, வீடு தேனியிலயோ கம்பத்துலயோ. வீட்டு வாசல்ல அப்பாவோட பத்து, பன்னிரண்டு வருஷ டீசல் கார். "வண்டி ரொம்ப உதறுது, வித்துட்டு புதுசு எடுத்துடலாமா?"ன்னு வீட்டுல கேட்டா, உடனே ஷோரூமுக்கு போன் போடாதீங்க. அந்த உதறல் எங்க இருந்து வருதுன்னு முதல்ல பாருங்க. என்ஜின் நல்லா இருந்து, அதைத் தாங்குற மவுண்டும் சக்கரத்துக்கிட்ட இருக்கிற ஷாக் அப்சார்பரும் மட்டும் தேஞ்சிருந்தா, ஒரு லோனையே தவிர்க்கலாம்.

மவுண்ட் போனா எப்படித் தெரியும்?

என்ஜினை வண்டியோட உடம்புல பிடிச்சு நிறுத்துற, இரும்பும் ரப்பரும் சேர்ந்த தாங்கிதான் மவுண்ட். பெரும்பாலும் மூணு, நாலு இருக்கும். டீசல் என்ஜின்ல ஸ்பார்க் பிளக் கிடையாது. காத்தை ரொம்ப அழுத்தி, அந்தச் சூட்டுலதான் டீசலை எரிக்குது. அதனால பெட்ரோலை விட அதிர்வு ஜாஸ்தி, மவுண்டுக்கு வேலையும் ஜாஸ்தி.

வண்டி நின்னுட்டு இருக்கும்போதே ஸ்டீயரிங்கும் சீட்டும் அதிருதா? என்ஜினை ஆஃப் பண்ணும்போது 'டம்'முனு ஒரு குலுக்கல் வருதா? கிளட்ச்சை விடும்போது வெட்டி இழுக்குதா? அப்போ மவுண்ட் மேல சந்தேகப்படலாம். ஆனா இன்ஜெக்டர் கோளாறு இருந்தாலும் இதே மாதிரி உதறும். அதனால "எல்லாத்தையும் மாத்திடலாம் சார்"னு சொன்னதும் தலையாட்டாதீங்க. பொன்னட்டைத் திறந்து, எந்த மவுண்ட்ல ரப்பர் கிழிஞ்சிருக்குன்னு காட்டச் சொல்லுங்க. மேல ஆயில் ஒழுகிட்டு இருந்தா அந்த ஒழுகலை முதல்ல சரி பண்ணணும். இல்லன்னா ஆயில் பட்டு புது ரப்பரும் சீக்கிரமே ஊதிப் போயிடும்.

ஷாக் போனா எங்க தெரியும்?

தேனியில இருந்து சின்னமனூர், உத்தமபாளையம், கம்பம் வழியா லோயர் கேம்ப் வரைக்கும் ஓட்டுறப்போ பெருசா எதுவும் தெரியாம இருக்கலாம். குமுளி மலைப்பாதையிலயோ, போடிமெட்டோட 17 கொண்டை ஊசி வளைவுலயோ இறங்கும்போது வண்டியோட நிலைமை வெளிச்சமாயிடும். பிரேக் போட்டா மூக்கு குத்தும், வளைவுல உடம்பு சாயும், மேடு பள்ளத்துல சக்கரம் ரோட்டை விட்டுத் துள்ளும். ரோட்டுல ஒட்டாத டயரால ஒழுங்கா பிரேக் பிடிக்க முடியாது. மவுண்டை விட ஷாக் அவசரம்னு சொல்றது இதனாலதான். (மவுண்ட் முழுசா அறுந்து போயிருந்தா அதுவும் உடனே மாத்த வேண்டியதுதான்.)

ஷாக் மேல எண்ணெய் வழிஞ்சிருக்கா, டயர் அங்கங்கே குழி விழுந்த மாதிரி தேஞ்சிருக்கான்னு பாருங்க. இன்னொரு விஷயம்: வண்டியோட எடையைத் தாங்குறது ஸ்பிரிங், அந்த ஆட்டத்தை அடக்குறதுதான் ஷாக். ஒரு பக்கம் தாழ்ந்து நின்னா ஸ்பிரிங்கையும் பார்க்கச் சொல்லுங்க.

பில்லுல பணம் எங்க மிச்சமாகும்?

ஒண்ணு, ஷாக்கை ஜோடியா மாத்துங்க. முன்னாடின்னா ரெண்டு பக்கமும், பின்னாடின்னா ரெண்டு பக்கமும்.

ரெண்டு, முன் ஷாக்கைக் கழட்டும்போதே அதோட மேல் மவுண்ட், பேரிங், பம்ப் ஸ்டாப், தூசி கவர் எல்லாத்தையும் பாருங்க. தேஞ்சதை அப்பவே மாத்தினா லேபர் ரெண்டு தடவை ஆகாது.

மூணு, வேலை முடிஞ்சதும் வீல் அலைன்மென்ட் கண்டிப்பா பண்ணுங்க. அதுல மிச்சம் பிடிச்சா டயர்ல போகும்.

நாலு, கம்பெனி சர்வீஸ் சென்டர்ல ஒண்ணு, வெளி மெக்கானிக்கிட்ட ஒண்ணுன்னு ரெண்டு எஸ்டிமேட் வாங்குங்க. பார்ட்ஸ், லேபர், ஜிஎஸ்டி தனித்தனியா இருக்கணும். 2025 செப்டம்பர் 22-ல இருந்து கார் பார்ட்ஸுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். கையில 28 சதவீதம் போட்ட பழைய எஸ்டிமேட் இருந்தா புதுசா கேளுங்க.

இன்சூரன்ஸ்ல கிளெய்ம் பண்ணலாமான்னு கேட்டா, முடியாது. தேய்மானத்துக்கு மோட்டார் பாலிசி பணம் தராது.

இப்போ கணக்குக்கு வருவோம்

ஒரு உதாரணத்துக்கு, மொத்த பில் 40,000 ரூபாய்னு வெச்சுக்கோங்க. அதுக்கு அப்புறம் மூணு வருஷம் வண்டி ஓடினா மாசம் சுமார் 1,111 ரூபாய். புது காருக்கு 8 லட்சம் லோன், 9 சதவீத வட்டி, 5 வருஷம்னா இஎம்ஐ சுமார் 16,607 ரூபாய். வட்டி மட்டுமே ஏறக்குறைய 1.96 லட்சம்! லீவுக்கு ஊருக்கு வரும்போது நீங்களும், மத்த நாள்ல அப்பா மார்க்கெட்டுக்கும் ஓட்டுற வண்டிக்கு இது தேவையான்னு யோசிங்க. டீசல்தான் வேணும்னாலும் சாய்ஸ் குறைஞ்சு போச்சு. மாருதி 2020 ஏப்ரலோட டீசல் காரையே நிறுத்திடுச்சு.

"பத்து வருஷ டீசல் வண்டியை ஓட்டக் கூடாதாமே?" அது டெல்லி வட்டாரத்துப் பேச்சு. தமிழ்நாட்டுல சொந்த உபயோக காரோட ஆர்சி 15 வருஷத்துக்குச் செல்லும். அப்புறம் வண்டியை ஆர்டிஓ-கிட்ட காட்டி 5 வருஷத்துக்குப் புதுப்பிக்கலாம். 2022 ஏப்ரல்ல இருந்து இதுக்கான கட்டணம் 5,000 ரூபாய். உங்க ஆர்சி முடியப் போகுதுன்னா இந்தச் செலவையும் கணக்குல சேர்த்துக்கோங்க.

எப்போ செலவு பண்ணக் கூடாது?

அடிப்பகுதி துருப்பிடிச்சிருக்கு, டர்போ போகப் போகுது, கிளட்ச்சும் முடிஞ்சது, இப்படி வரிசையா வந்தா நிறுத்துங்க. அடுத்த ஒரு வருஷத்துல வரப்போற எல்லா வேலையையும் மெக்கானிக்கிட்ட எழுதி வாங்கிக் கூட்டுங்க. வண்டியை இன்னைக்கு வித்தா கிடைக்கிற விலையில பாதியை அது தாண்டினா, விக்கிறதைப் பத்திப் பேசலாம். இது சட்டம் இல்ல, ஒரு எல்லைக்கோடு, அவ்வளவுதான்.

வெச்சுக்கிறதுன்னு முடிவு பண்ணிட்டா, வண்டிக்குன்னு மாசம் 1,500 ரூபாய்க்கு ஒரு ஆர்டி போடுங்க. வருஷத்துக்கு 18,000 ரூபாய், வட்டி தனி. அடுத்த ரிப்பேர் வரும்போது கிரெடிட் கார்டைத் தேட வேண்டியதில்ல. கையில இருக்கிற பணம் இப்போ ஒரு வேலைக்குத்தான் பத்தும்னா, அடுத்த தடவை மலை ஏறுறதுக்கு முன்னாடி ஷாக்கை முடிச்சிடுங்க. கொஞ்சம் உதறலைப் பொறுத்துக்கலாம், வளைவுல பிடிக்காத பிரேக்கைப் பொறுத்துக்க முடியாது.