கழற்றுவதும் பூட்டுவதும்

கோவையின் புகழ்பெற்ற ஜி. டி. நாயுடு (பிறப்பு 1893) இளமையில் ஓட்டலில் ஊழியஞ் செய்து சேர்த்த பணத்தில் ஒரு மோட்டார் சைக்கிள் வாங்கினார். அதனை அக்கக்காகக் கழற்றி மீண்டும் பூட்டியே யந்திர நுட்பம் பயின்றார். அவ்வழியில், ஹைதராபாத் வீட்டு முற்றத்திலே பழைய டர்போ டீசல் கார் எஞ்சினைப் புதுப்பிக்க விழையும் அன்பர்களுக்கு ஒரு சொல்.

டீசல் எஞ்சினில் தீப்பொறிக்கு வேலையில்லை. உருளையினுள் நெருக்குண்ட காற்றின் வெப்பத்தாலேயே டீசல் பற்றுகிறது. பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்து காற்றுக் கசிந்தால் வலிமை குன்றும். டர்போவோ புகைவாயுவின் விசையால் நிமிடத்திற்கு லட்சம் சுற்றுக்கு மேல் சுழன்று, மிகுந்த காற்றை உள்ளே தள்ளுவது. ஆயிலே அதன் உயிர். ஆயில் குழாய் அடைபட்டால் பேரிங் எரிந்துபோம்.

தேய்ந்த எஞ்சினில் டர்போ அழுத்தத்தைக் கூட்டுவது நோயாளியைப் பந்தயத்தில் ஓட்டுவதற்கொப்பாம். கேஸ்கெட் வெடிக்கும், பிஸ்டனும் உருகலாம், சேமிப்பும் கரையும். முதலில் உருளைகளை அளந்து பாருங்கள். போரிங் வேலையை லேத்துப் பட்டறைக்கே விடுங்கள். தயாரிப்பாளர் குறித்த அமைப்பை மாற்றுவதை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. வலிமை கூட்டுமுன் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டறிக.

கழற்றிய உறுப்புகளைத் துடைத்து, வரிசையாக எண்ணிட்டு வையுங்கள். மகனையும் மகளையும் அருகில் இருத்துங்கள். கழற்றுதல் எவர்க்கும் எளிது. பிழையின்றிப் பூட்டுதலன்றோ கல்வி!