முந்திவரும் வேகப் புள்ளிகள்

செயலியின் வேகத்தைக் கூட்டி ஓடவைக்க உகந்த கணனித் தாய்ப்பலகையொன்று வெளிவரும்போது, ஏனையவற்றை விஞ்சும் சோதனைப் புள்ளிகளும் கூடவே வெளிவந்துவிடுகின்றன. ஒரே செயலியைப் பொருத்திய இரு பலகைகளுக்கிடையே பெரும் வேறுபாடு தென்படுமாயின், வியப்படையுமுன் ஐயுறுதல் வேண்டும். கணிப்பைச் செய்வது செயலியேயன்றிப் பலகையன்று. வேறுபாடு பெரும்பாலும் பலகையின் அமைப்புகளில் ஒளிந்திருக்கும்.

இன்டெல்லின் 14900கே செயலிக்கு அந்நிறுவனம் குறித்த உச்ச மின்வலு 253 வொட். பல பலகைகளோ, பாவனையாளர் எதனையும் தொடாதபோதே, அதனை 4096 வொட் என, அதாவது எல்லையே இல்லையென்னும்படி அமைத்திருந்தன. புள்ளிகள் உயர்ந்தன; வெப்பமும் உயர்ந்தது. 13ஆம், 14ஆம் தலைமுறைச் செயலிகள் அடிக்கடி செயலிழப்பதாக முறைப்பாடுகள் குவியவே, தனது இயல்பு அமைப்புகளைப் பின்பற்றுமாறு பலகைத் தயாரிப்பாளரை இன்டெல் 2024இல் கோரியது. பழி முழுவதும் பலகைகளையே சாராது. செயலியின் நுண்குறியீடே மிகை மின்னழுத்தத்தைக் கோரியதென இன்டெல் அதேயாண்டில் ஒப்புக்கொண்டது.

ஆகவே மின்வலு எல்லை, பயொஸ் பதிப்பு, நினைவக வேகம், குளிரூட்டும் முறை ஆகியன குறிப்பிடப்படாத புள்ளியை நம்பிப் பணம் கொடுத்தல் தகாது. சில விநாடிச் சோதனையும் போதாது. அரைமணி நேரம் ஓடியபின் வேகம் தாழ்கின்றதா என்பதையும் பார்த்தல் வேண்டும். வேகங்கூட்டியதால் பழுதான செயலிக்குப் பொதுவாக உத்தரவாதமும் கிடைப்பதில்லை.