வால்வு முன்பெருக்கியின் மின்வழங்கி

இசைத்தட்டில் ஓடும் ஊசி எழுப்பும் மின்னழுத்தம் ஒரு வோல்ற்றின் ஆயிரத்தில் சில கூறுகளே. அத்துணை நுண்ணிய குறியைப் பெரிய பெருக்கி ஏற்கும் அளவுக்கு உயர்த்துவதே முன்பெருக்கியின் தொழில். பாட்டை உயர்த்தும் அக்கருவி, அதனுட் புகுந்த உறுமலையும் உடன் உயர்த்திவிடும். ஆதலின், முன்பெருக்கியின் தூய்மை அதன் மின்வழங்கியின் தூய்மையைப் பெரிதும் சார்ந்தது.

பாலமுனையில் வாழும் நம் பழைய மாணவ நண்பரொருவர், தம் வாப்பா விட்டுச்சென்ற வால்வு முன்பெருக்கியொன்றைச் சென்ற ஆண்டு நம்மிடம் கொணர்ந்தார். நாகூர் ஈ. எம். ஹனீபா அவர்களின் இசைத்தட்டுகளை இளமையில் அவர் கேட்டு மகிழ்ந்தது அதன் வாயிலாகவே. இப்பொழுதோ பாட்டினும் உறுமலே முந்திக் கேட்டது. பெரிய மின்னொடுக்கியிட்டால் உறுமல் தீருமென்றெண்ணிப் பழுதுபார்ப்போரொருவர், 220 மைக்குரோபரட்டு கொண்ட ஒன்றைச் சீராக்கி வால்வின் வாயிலிலேயே பூட்டினார்; அவ்வால்வும் கெட்டது. எண்ணம் நன்றே, இடமே பிழை. அஃது எங்ஙனம் என்பதை ஈண்டு விளக்குவோம்.

நம் வீடுகளுக்கு வரும் 230 வோல்ற்று ஆடலோட்டம் செக்கனுக்கு 50 முறை அலைவது. நிலைமாற்றி அதனை உயர்த்த, சீராக்கி வால்வு ஒரு திசைப்படுத்துகிறது. அவ்வாறு வரும் மின் செக்கனுக்கு 100 துடிப்புகளாக வருமேயன்றி ஒரு சீராக வருவதில்லை. கடைகளில் 'கண்டென்சர்' என வழங்கும் மின்னொடுக்கி இத்துடிப்புகளை ஏற்றுத் தேக்குகிறது. அம்பாறை மாவட்டத்து உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. மாரியிற் பெருகிவரும் நீரைச் சேனநாயக்க சமுத்திரம் தேக்கி, மதகு வழியே அளவாக விடுகின்றதன்றோ? மின்னொடுக்கி குளம், தடை மதகு.

எனினும், முதற்குளம் அளவிறந்து பெரிதாயின், அதனை நிரப்பும் ஒவ்வொரு துடிப்பிலும் சீராக்கி பெருமின்னைத் தாங்க நேரும். ஈஇசற் 80 என்னும் வால்வுக்கு அதனைச் செய்தோர் விதித்த எல்லை 50 மைக்குரோபரட்டு. ஆகவே முதலிடத்திற் பழைய அளவையே வைத்து, பெருக்க வேண்டியதைத் தடைக்குப் பின்னரே பெருக்குதல் வேண்டும்.

இங்கே சிறிய கணக்கொன்று பெரிய உண்மையைக் காட்டும். முன்பெருக்கி உண்ணும் மின் 3 மில்லியம்பியர் எனக் கொள்வோம். 10,000 ஓம் தடையொன்றும் 94 மைக்குரோபரட்டு மின்னொடுக்கியொன்றும் இட்டால், துடிப்பு ஏறக்குறைய 600இல் ஒரு பங்காகும். இழப்பு 30 வோல்ற்று. அதே பொருளை இரண்டாகப் பகுத்து, 4,700 ஓமும் 47 மைக்குரோபரட்டுமாக இரு படிகளில் அமைத்தால், முதற்படி 139இல் ஒரு பங்காக்கியதை இரண்டாம்படி மீண்டும் 139இல் ஒரு பங்காக்கும். முடிவில் எஞ்சுவது 19,000இல் ஒரு பங்கே! இழப்போ முன்னையதினும் சிறிது குறைவு. ஒரு பெருங்குளத்தினும் அடுத்தடுத்த இரு குளங்கள் சிறந்தன.

இவ்வளவு செய்தும் தாழ்ந்த உறுமல் நின்றால், அது பெரும்பாலும் 50இன் உறுமல்; வடித்தற் குறையன்று. வால்வின் இழைக்குச் செல்லும் 6.3 வோல்ற்றுக் கம்பிகளையும் புவித்தொடுப்பையும் நோக்குக. இழைக் கம்பிகள் இரண்டையும் ஒன்றோடொன்று முறுக்கி, ஒலிக்கம்பிகளினின்றும் விலக்கி அமைத்தல் நன்று. கடற்காற்று வீசும் ஊர்களில் வால்வுக் குழிகளிற் களிம்பேறுவதும் இயல்பு. அதனையும் துடைத்தல் வேண்டும். கருவியின் பின்புறத்து மின்னழுத்தத் தெரிவு 220இல் நின்றால், 230க்கோ 240க்கோ மாற்றுக.

இளைஞர்க்கு ஓர் எச்சரிக்கை. மின்தொடுப்பைப் பிடுங்கிய பின்னரும் மின்னொடுக்கியில் 300 வோல்ற்று தங்கி நிற்கலாம். அஃது உயிரைக் கவர வல்லது. 220,000 ஓம், 2 உவாற்றுத் தடையொன்றை அதன் குறுக்கே நிலையாக இணைத்தால் சில நிமிடங்களில் அது வடிந்துவிடும். ஆயினும் மானியால் அளந்து பாராமற் கைவைத்தல் கூடாது.

நண்பரின் கருவிக்கு நாம் செய்தன இவையே: புதிய சீராக்கி வால்வு, முதலிடத்தில் முன்னிருந்த 32 மைக்குரோபரட்டு அளவிற் புதிய மின்னொடுக்கி, அதன்பின் இரு படிகள். ஒலி செல்லும் பகுதியில் ஒன்றையும் மாற்றினோமில்லை. அன்று மாலை அவர் இல்லத்தில் இசைத்தட்டு சுழன்றது. பாட்டுக்கு முன் உறுமல் கேட்கவில்லை. ஊசி தட்டைத் தொடும் மெல்லோசையே கேட்டது. நண்பர் நெடுநேரம் பேசாதிருந்தார்.

பழையதைப் பேணுவோர்க்கு ஆர்வம் மட்டும் போதாது. எவ்விடத்தில் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டறிந்த பின்னரே கருவியைத் தொடுதல் வேண்டும். இது நம் கல்லூரியின் ஆய்வுகூடத்தில் நாம் முதன்முதற் கற்ற பாடமுமாகும்.